சொல்லிக்கொண்டு போகும் வாசல்

நெடுங்கல் கோட்டையை விட்டுப் போனவர்களையெல்லாம் பாதை தானாகவே திருப்பி, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வாசலில் கொண்டுவந்து விடத் தொடங்கியது ஒரு தை மாதத்தில். முதல் மூன்று நாள் அதை யாரும் கவனிக்கவில்லை. வயலுக்குப் போனவரும் ஆடு மேய்க்கப் போனவரும் எப்படியும் பொழுது சாய வீடு திரும்புகிறவர்கள்தானே. நாலாம் நாள், கருப்பட்டி மூட்டைகளோடு கடற்கரைச் சந்தைக்குக் கிளம்பிய வண்டிக்காரர், ஆறு நாள் வழியைக் கிழக்கே பார்த்து ஓட்டிப் போனவர், அன்று மாலையே மேற்கேயிருந்து வந்து சேர்ந்தார். "எங்கயும் திரும்பவே இல்ல வே, ஒரே நேராத்தான் ஓட்டினேன்" என்று வாசலில் நின்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். மறுநாளும் கிளம்பினார், மறுநாளும் வந்தார். பதினைந்து நாளில் அந்தக் கருப்பட்டியை ஊரே தின்று தீர்த்தது.

இதையெல்லாம் நின்று பார்த்தவன் நான். கோட்டை வாசலுக்குக் கதவு இரண்டு; இடக்கதவுக்குக் காவல் பலவேசம், வலக்கதவுக்கு நான், கொம்பையா. காலையில் திறப்பதும் மாலையில் சாத்துவதும் எங்கள் வேலை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். கதவைத் திறக்க மாடு போதும். எங்கள் வேலை, சொல் கேட்பது. நெடுங்கல்லில் யாரும் சொல்லிக்கொள்ளாமல் வாசலைத் தாண்டக் கூடாது. போகிறவர் எங்களைப் பார்த்து "போயிட்டு வாரேன்" என்பார், நாங்கள் "போயிட்டு வாரும்" என்போம், அதற்குப் பிறகுதான் கால் வெளியே படும். 'போறேன்' என்ற வெறும் சொல்லை எங்கள் ஊரில் சாகப்போகிறவர்கூடச் சொல்ல மாட்டார். விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டோம், அமர்த்தச் சொல்வோம். பானையில் அரிசி தீர்ந்துபோனால் நிறைஞ்சிருக்கு என்போம். அப்படிப்பட்ட நாக்கு எங்களுடையது. அதிலும் வாசலில் நின்று 'போறேன்' என்றால் அது அரண்மனையின் உப்பைத் துப்பிவிட்டுப் போவதாக அர்த்தம்.

அரண்மனை என்று நாங்கள் சொல்வது கட்டடத்தை அல்ல, எங்களை ஆண்ட மனிதரை. அரண்மனைக்குத் தலைவலி, அரண்மனை குளிக்கிறார் என்றுதான் பேசுவோம்.

பாதை இப்படி ஆனபோது ஊர் முதலில் அழுதது, பிறகு பழகியது. பழகுவதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. தைக் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி வீட்டார் முப்பத்தெட்டு பேர் மறுவீட்டுச் சாப்பாடு முடிந்து சிரித்துக்கொண்டே "போயிட்டு வாரோம்" என்று கிளம்பி மாலையில் வந்து நின்றார்கள், மறுநாளும் நின்றார்கள், பெண்வீட்டுக்காரர் பத்து நாள் வடை பாயசம், பதினோராம் நாள் கஞ்சி, இருபதாம் நாள் "சம்பந்தி, நீங்களே கொஞ்சம் அடுப்பைப் பாத்துக்கிடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக முடியாத பெண்கள் கோயில் மண்டபத்தில் ஒன்றாகக் கூடி, ஆளுக்கொரு தூணைத் தாய்வீடு என்று பேர் வைத்துக்கொண்டு அதன் அடியில் பத்து நாள் தங்கிவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். வெளியூரில் செத்த அண்ணனுக்கு இங்கிருந்தே தம்பி மொட்டை போட்டார். வளையல் விற்க ஒரே ஒரு நாள் வந்த செட்டியார் எல்லாக் கைக்கும் வளையல் போட்டு முடித்துவிட்டு, உடைந்த வளையலை ஒட்டுவது எப்படி என்று யோசித்துக்கொண்டு சத்திரத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வருகிறவர்களைப் பாதை தடுக்கவில்லை, அதுதான் கொடுமை. உப்பு வண்டி வந்தது, உப்புக்காரர் போகவில்லை. ஊரில் உப்பு குறைவில்லை, உப்புக்காரர்கள்தான் அதிகமாகிவிட்டார்கள்.

சொல்லாமலே போய்ப் பார்த்தவர்களும் உண்டு. வாயைப் பொத்திக்கொண்டு கிளம்பிய ஒருவருக்குப் பின்னாலிருந்து நானே பழக்கத்தில் "போயிட்டு வாரும்" என்று சொல்லித் தொலைத்தேன், அவர் மாலையில் வந்து என்னை ஏசின ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த முறை நானும் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவருக்குப் பாதை நகரவே இல்லை. நாள் முழுக்க நடந்தார், வேர்த்து ஊற்றியது, எங்கள் கண்முன்னே கல்லெறி தூரத்திலேயே நடந்துகொண்டிருந்தார்.

அரண்மனைக்கு மட்டும் மகிழ்ச்சி தாங்கவில்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை. மெதுவாக, சிரித்தபடி பேசுவார். "பாத்தீங்களா, நம்மள விட்டுட்டு ஒரு ராத்திரி இருக்க முடியல ஜனங்களுக்கு" என்றார். தினமும் மாலையில் திரும்பி வருகிறவர்கள் மேல் பூ தூவ இரண்டு பெண்களை நியமித்தார். விசுவாசம் என்று ஒன்று உண்டு என்று காட்ட நெடுங்கல் பாதையைக் காட்டினால் போதும் என்று புலவர்கள் பாடினார்கள். அவர்களும் போக வழியில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

இது ஏன் நடந்தது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு ஆராய்ச்சி தெரியாது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த வருடம் மழை பொய்த்துவிட்டது. கீழ்க்காட்டு ஊர்க்காரர்கள் வந்து சபையில் விழுந்து, பெரிய குளத்தில் கிடக்கிற தண்ணீரில் ஒரு பங்கு கேட்டார்கள். அரண்மனைக்கு அன்று நல்ல மனநிலை. இருநூறு பேர் நிறைந்த சபையில் மடைக்காரன் மாசானத்தைக் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமை மடையத் திறந்து விடு" என்றார். மாசானம் வெள்ளிக்கிழமை திறந்துவிட்டான். கீழே நாலு ஊர்ப் பயிர் தலை நிமிர்ந்தது. அடுத்த வாரம் அரண்மனையின் சொந்தப் பண்ணையில் கரும்பு வாடியது. "யாரைக் கேட்டு மடையத் திறந்த?" என்று அதே சிரிப்போடு கேட்டார் அரண்மனை. "நாம எப்பச் சொன்னோம்?" பிறகு சபையைப் பார்த்தார். "யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லையாம். ஒவ்வொருவராகச் சொன்னோம், நானும் சொன்னேன். அரண்மனை சொல்லாததைச் செய்த துரோகத்துக்கு மாசானத்தின் தலை என்று தீர்ப்பானது. பங்குனித் திருவிழா முடியாமல் ரத்தம் சிந்தக் கூடாது என்பதால் சித்திரை அமாவாசைக்கு நாள் குறித்தார்கள். பாதை திரும்பத் தொடங்கியதும் அவனைச் சிறையிலிருந்து விட்டுவிட்டார்கள். "எங்க போயிருவான்? பொழுது சாய வந்துதான் ஆகணும்" என்று சொல்லிச் சிறையில் நெல்லைக் கொட்டினார் அரண்மனை. மாசானம் தினமும் காலையில் எங்களிடம் சொல்லிக்கொண்டு மடைக்குப் போனான், வேலை பார்த்தான், மாலையில் தன் சாவை நோக்கி ஒரு நாள் நெருங்கி வந்து சேர்ந்தான்.

மாசானத்தின் மனைவி முப்பிடாதி. அவள் பலவேசத்தின் ஒரே மகள். தாயில்லாமல் அந்த இடக்கதவின் நிழலிலேயே வளர்ந்தவள், என்னைச் சித்தப்பா என்பாள். அவள் ஊரில் யாரோடும் பேசுவதை நிறுத்திவிட்டாள், அப்பாவைத் தவிர. "அன்னைக்கு நான் சபையில இல்ல தாயி, வாசல்லதான் நின்னேன்" என்று பலவேசம் அவளிடம் சொல்லியிருந்தார். ஊரிலேயே பொய் சொல்லாத ஒரு மனுசர் தன் அப்பா என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

மாசி மாதம் குதிரை விற்கிற வடக்கத்தியான் ஒருவன் உள்ளே வந்து மாட்டிக்கொண்டான். துறைமுகங்களில் பொறுக்கிய தமிழ் அவனுடையது. ஒரு வாரம் மற்றவர்களைப் போலவே கிளிப்பிள்ளையாகச் சொல்லிச் சொல்லித் திரும்பி வந்தான். எட்டாம் நாள் கோபத்தில் கிளிப்பாடம் மறந்துபோய், "நான் போறேன்" என்றான். எனக்குக் காதில் ஈயத்தை ஊற்றியது போல இருந்தது. பலவேசம் மூன்று முறை துப்பிவிட்டு, "போ, போய்த் தொலை" என்று கத்தினார். அன்று மாலை அவன் வரவில்லை. புலி அடித்திருக்கும் என்று ஊர் பேசிக்கொண்டது. இருபது நாள் கழித்து உள்ளே வந்த ஓர் ஆட்டுக்காரர் எங்களிடம் சொன்னார்: அவன் உயிரோடு இருக்கிறான், சந்தையில் குதிரை விற்கிறான், விட்டுவிட்டுப் போன ஒரு பெட்டைக் குதிரைக்காக மூன்று முறை திரும்பி வரப் பார்த்தானாம், மூன்று முறையும் நெடுங்கல் மலையே கண்ணில் படவில்லையாம்.

ஆட்டுக்காரர் உள்ளே போனதும் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். போகிறவர் 'போறேன்' என்று சொல்ல வேண்டும், வாசல் 'போ' என்று சொல்ல வேண்டும். போனால் போனதுதான்.

"வெளிய மூச்சு விட்டுராதீரும் வே" என்றார் பலவேசம். "இது தெரிஞ்சா கோட்டையே காலியாயிரும். நாலு தலைமுறையா தின்ன உப்பு."

"உம்ம மருமகன் தலை?" என்றேன்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒருபக்கம் அரண்மனை, ஒருபக்கம் மகள்; ஒவ்வொரு நாளும் மாசானம் வந்து "மாமா, போயிட்டு வாரேன்" என்பான், இவர் "போயிட்டு வாரும் மாப்ள" என்பார், அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அப்படியே பங்குனி போனது, கொடி இறங்கியது, அமாவாசைக்கு நாலு நாள் இருந்தது. அன்று காலை வேலைக்கு வரும்போது, "சொல்லிட்டேன் வே, ரெண்டு பேருக்கும்" என்றார். அவர் முகம் பத்து நாள் காய்ச்சல் விட்ட முகம் போல இருந்தது.

முப்பிடாதி முந்தின நாள் முழுக்க வீட்டில் பழகிப் பார்த்தாளாம். சுவரைப் பார்த்து 'போறேன்' என்றாளாம், வந்தது. கோழியைப் பார்த்துச் சொன்னாளாம், வந்தது. உரலிடமும் அம்மியிடமும் சொல்லிக்கொண்டாளாம். நல்லபடியாக வந்தது.

அன்று காலையே இருவரும் வாசலுக்கு வந்தார்கள், மடைக்குக் கஞ்சி கொண்டுபோகிறவர்கள் போல. மாசானம் மாமனாரின் காலைத் தொட்டுவிட்டு நிமிர்ந்து, "மாமா, போறேன்" என்றான். பலவேசம் கண்ணை மூடிக்கொண்டு, "போ" என்றார். அவன் வாசலைத் தாண்டி நின்று மனைவிக்காகக் கையை நீட்டினான். முப்பிடாதி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அங்கேதான் வந்தது வினை. சுவரும் கோழியும் வேறு, பெற்றவர் முகம் வேறு.

"அப்பா, போயிட்டு வாரேன்" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. வாயில் அடித்துக்கொண்டாள். மாசானம் உள்ளே வரப் பார்த்தான், பாதை அவன் காலைப் பின்னால் இழுத்தது. அவள் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள், கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் தானும் போய்விடலாம் என்று நினைத்தாள் போல, இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். அன்று மாலை பூ தூவுகிற பெண்களுக்கு நடுவே அவள் மட்டும் வந்து நின்றாள். வலது கை எதையோ பிடித்தபடியே மூடியிருந்தது.

"புளியமரம் வரைக்கும் கை இருந்துதுப்பா" என்றாள். "பெறகு பாத்தா இல்ல."

மறுநாள், மாசக்கணக்கில் என்னோடு பேசாதிருந்தவள், என்னிடம் சொல்லிப் பார்த்தாள். "சித்தப்பா, போ..." என்று தொடங்கி, கடைசியில் "யிட்டு வாரேன்" என்று முடிந்தது. மாலையில் வந்தாள். அதற்கடுத்த நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தாள், அன்றும் அப்படியே. நாக்கு என்பது நம்முடையது என்று நினைக்கிறோம், அது நம்மைப் பெற்றவர்களுடையது.

அதற்குள் மாசானம் இல்லாதது அரண்மனைக்குத் தெரிந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. "அமாவாசைக்கு ஒரு தலைன்னு நேர்ந்தாச்சு. புருசன் இல்லன்னா பொண்டாட்டி" என்று சிரித்தபடி சொல்லி அனுப்பினார். எந்த வாசல் காவல் அவனை விட்டது என்பதை அமாவாசை முடிந்து விசாரித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாராம். அவளையும் அடைத்து வைக்கவில்லை. பாதைதான் இருக்கிறதே.

அமாவாசைக்கு முந்தின நாள் காலை. வயலுக்கும் காட்டுக்கும் போகிறவர்கள் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். முப்பிடாதி கடைசியாக ஒருமுறை முயன்று பார்க்க வந்து அப்பா முன்னால் நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது. "எனக்கு வரலப்பா. உங்களப் பாத்து எப்படிச் சொல்லுவேன்? விடுங்க, இங்கயே கெடந்து சாவுதேன், உங்க மடியில" என்றாள்.

பலவேசம் ஈட்டியைச் சுவரில் சாத்திவைத்தார்.

"நான் வாசல்ல நிக்கல தாயி" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு. அரண்மனை மடையத் திறக்கச் சொன்ன அன்னைக்கு நான் சபையிலதான் இருந்தேன். அரண்மனைக்குப் பின்னால, கைக்கெட்டுற தூரத்துல. காதாரக் கேட்டேன்."

"பொய் சொல்லாதீங்கப்பா."

"இத்தன நாள் சொன்னதுதான் பொய். பெறகு விசாரணை நடந்துதே, அன்னைக்கு மொதல்ல என்னையத்தான் கேட்டாக. பெண்ணக் குடுத்த மாமனார், நீரு சொல்லும்னு. நான் கேக்கலைன்னு சொன்னேன். நான் சொன்னதப் பாத்துட்டுத்தான் கொம்பையா சொன்னான், மத்தவுகளும் சொன்னாக. நான் ஒருத்தன் கேட்டேன்னு சொல்லியிருந்தா ஒம் புருசன் கழுத்துக்குக் கத்தி வந்திருக்காது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஒரு எழுத்துகூடக் கூட்டிச் சொல்லவில்லை. அன்று அவர் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வராமல் இருந்திருந்தால் எனக்கும் தைரியம் வந்திருக்கும் என்று இத்தனை மாதமும் அவர் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு நான் தூங்கியிருக்கிறேன்.

"தெனமும் எங்க கையால கஞ்சி வாங்கிக் குடிச்சீங்களே" என்றாள் முப்பிடாதி. "அவுகளப் பாத்து மாப்ளன்னு கூப்பிட்டீங்களே."

"ஆமா."

"உங்களுக்கா நான் நாலு நாளா சொல்ல மாட்டாம நிக்கேன்?" அவள் குரல் உயர்ந்தது, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "இனி உங்க மொகத்துல முழிக்க மாட்டேன். நீங்க எனக்கு அப்பாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் போறேன்!"

பலவேசத்தின் வாய் திறந்தது. அந்த வாயில் என்ன சொல் வரப்போகிறது என்று எனக்குப் பதறியது. நாற்பது வருடமாக அந்த வாசலில் ஒரே சொல்லைச் சொன்ன வாய் அது. அவர் கீழுதட்டைப் பல்லால் கடித்தார், ரத்தம் வந்தது. அந்த ரத்தத்தோடு, "போ" என்றார்.

அவள் போனாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா எதற்காக அதை அன்று சொன்னார் என்று புளியமரத்தைத் தாண்டிய பிறகாவது அவளுக்குப் புரிந்ததா, எனக்குத் தெரியாது.

நாற்பது பேரும் கேட்டார்கள். இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது, எதைச் சொன்னால் போகலாம் என்று. அடுத்து நின்றவர் வாசலுக்கு வந்தார், வாயைத் திறந்தார், வீட்டை நினைத்தார், அரண்மனையை நினைத்தார், எச்சிலை விழுங்கினார். "போயிட்டு வாரேன்" என்றார். அதற்கடுத்தவரும் அப்படியே. நாற்பது பேரும் அப்படியே.

கூட்டம் கரைந்ததும் நான் பலவேசத்தின் பக்கத்தில் போனேன். "நீரும் போயிரும் வே. சாயங்காலத்துக்குள்ள சேதி அரண்மனைக்குப் போயிரும். நீரு சொல்லும், நான் 'போ' சொல்லுதேன்" என்றேன். என் நாக்குக்கு அது வருமா என்று எனக்கே சந்தேகம்தான்.

"அவ திரும்பி வந்துட்டான்னா?" என்றார். "சொன்ன சொல்லு மனசாரச் சொன்னதா, சும்மா கோவத்துலயான்னு பாதைக்குல்லா தெரியும். வந்தா, வாசல்ல நான் இருக்க வேண்டாமா?"

பகல் முழுக்க அவர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. வெயில் சாய்ந்தது. பூ தூவுகிற பெண்கள் தட்டோடு வந்து நின்றார்கள். பாதை ஒவ்வொருவராகக் கொண்டுவந்து விட்டது: ஆடுகள், ஆட்டுக்காரர்கள், விறகுக்கட்டுகள், சம்பந்திக் கூட்டம், வளையல்காரச் செட்டியார். தூரத்தில் ஒரு சேலை தெரியும்போதெல்லாம் பலவேசத்தின் கை என் தோளை இறுக்கும். பக்கத்தில் வந்து அது வேறு யாரோ என்று தெரிந்ததும் கை தளரும். பெற்ற மகள் வந்துவிடக் கூடாதே என்று ஒருவர் சாமியைக் கும்பிட்டு நான் அன்றுதான் பார்த்தேன். கடைசியாக ஒரு கிழட்டு மாடு வந்தது. அதற்குப் பின்னால் பாதை வெறுமையாகக் கிடந்தது.

கோயிலில் விளக்கு ஏற்றினார்கள். அரண்மனைத் தெருவிலிருந்து ஈட்டிக்காரர்கள் நாலு பேர் எங்களை நோக்கி இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பக்கம் பலவேசம் திரும்பவே இல்லை. அவர் இடக்கதவைச் சாத்தினார், நான் வலக்கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் விழுந்ததும் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார், சிரித்தார், இரண்டும் ஒன்றாக வந்தது.

"வரல வே" என்றார். "எம் புள்ள வரல."